அத்தை செத்துப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை

மூட்டுவலித் தைலத்தை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களே, கொஞ்சம் உட்காருங்கள். உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். போன வாரம் வேளச்சேரியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். எடுத்த உடனே படத்தை வெளியே துப்பும் கேமரா ஒன்றைப் புதிதாக வாங்கியிருக்கிறாள். ஃப்ரிட்ஜ் கதவு முழுக்கப் படங்கள். ஒன்றிலாவது மனுஷ முகம் இருக்க வேண்டுமே! பச்சையும் மஞ்சளுமாக ஏதோ கலங்கி ஓடுகிறது. "என்னடி இது, ரசம் கொட்டின மாதிரி?" என்று கேட்டேன். "இது அப்ஸ்ட்ராக்ட்மா. உனக்குப் புரியாது" என்றாள்.

எனக்கா புரியாது? இந்தக் கூத்தையெல்லாம் அவளுடைய தாத்தா, அதாவது என் அப்பா, நான் பாவாடை கட்டித் திரிந்த காலத்திலேயே ஆடி முடித்துவிட்டார். ஒரு கோடை விடுமுறை முழுக்க ஆடினார். சந்து முழுக்கப் பைத்தியம் என்று பேர் வாங்கினார். அதைச் சொன்னால் நம்ப மாட்டாள் என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். நீங்கள் நம்புவீர்கள்.

அப்போது நாங்கள் சாந்தோமில், கடலுக்குப் போகிற ஒரு சந்தில் இருந்தோம். குவைத்தில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, லீவில் வந்தபோது அந்தக் கேமராவைக் கொண்டுவந்தார். படம் எடுப்பதென்றால் ஸ்டுடியோவுக்குப் போய், முகம் முழுக்கப் பவுடர் அப்பி, "மோவாயைத் தூக்கு, இறக்கு, சிரிக்காதே" என்றெல்லாம் அதட்டு வாங்கி, அப்புறம் வாரக்கணக்கில் காத்திருந்த காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இதுவோ அழுத்தினவுடன் கர்ரென்று இரைந்து, வெள்ளைச் சட்டம் போட்ட ஓர் அட்டையைத் துப்பும். முதலில் அதில் ஒன்றும் தெரியாது. பாசி பிடித்த தொட்டித் தண்ணீர் நிறத்தில் ஒரு மூட்டம். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் உள்ளேயிருந்து மெல்ல ஓர் ஆள் வருவார். வரும்வரை நாங்கள் யாரும் மூச்சுவிட மாட்டோம்.

மாமா கைநிறைய ஃபிலிம் பெட்டிகளையும் வைத்துவிட்டு, "அத்தான், அக்காவையும் பாப்பாவையும் நிறைய எடுத்து அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். அவர் செய்த ஒரே தப்பு, கேமராவை அம்மா கையில் கொடுக்காமல் அப்பா கையில் கொடுத்தது.

அப்பா கிண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். போல்ட்டு, நட்டு, கியர் என்று நாள் முழுக்கக் கோடு போடுகிற வேலை. கோடு ஒரு மயிரிழை கோணினாலும் மேலதிகாரி தாளைத் திருப்பி எறிவாராம். ஆரம்பத்தில் அப்பாவும் எங்களை ஒழுங்காகத்தான் எடுத்தார். ஒருநாள், இன்னும் உருவம் வராத என் படத்தின்மேல் நான் தெரியாமல் கையை ஊன்றிவிட்டேன். படம் தெளிந்தபோது என் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் நீலமும் ரோஜாவுமாக ஒரு சுழி. நான் ஓவென்று அழுதேன். அப்பா அந்த அட்டையை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏய், இங்க வந்து பாரேன்" என்று அம்மாவைக் கூப்பிட்டார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு குரல் வராது.

அன்றிலிருந்து பிடித்தது சனி. குளியலறைச் சுவரின் ஓதம், ஓடுகிற மின்விசிறி, கொதிக்கிற ரசம், பாதி உரித்த வெங்காயம், இவைதான் அப்பாவுக்கு ஆட்கள். படம் வெளியே வந்ததும் அதைப் பலகையில் வைத்து, உள்ளே மசி இளகியிருக்கும்போதே அம்மாவின் கொண்டை ஊசி முனையால் அழுத்துவார், ஐஸ்கிரீம் குச்சியால் தேய்ப்பார். சூட்டில் வைத்தால் ஆரஞ்சு ஏறும், குளிர்ச்சியில் நீலம் ஏறும் என்று கண்டுபிடித்தார். அதற்காக ஒரு படத்தை இட்லிப் பானை மூடிமேலும் இன்னொன்றைத் தண்ணீர்ப் பானைமேலும் வைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்திருப்பார். கொண்டை ஊசி எல்லாம் போய், அம்மா பென்சிலைச் செருகிக் கொண்டை போட்டுக்கொண்டு மாதா கோயில் பூசைக்குப் போனாள்.

பாவம், அப்பாவின் கைக்கு நேர்கோடு பழகிப்போயிருந்தது. எவ்வளவு கண்டபடி அழுத்தினாலும் அளந்து இடைவெளி விட்டதுபோல வரிவரியாகவே வந்தது. "கோரைப் பாய் மாதிரி இருக்கு" என்று அம்மா சொன்னால் முகம் தொங்கிவிடும். "பாப்பா கை வச்சப்போ தானா வந்துச்சு. எனக்குத் தானா வரவே மாட்டேங்குது" என்று புலம்புவார்.

அண்டை அயலார் சும்மா இருப்பார்களா? குப்பத்திலிருந்து கூடை தூக்கி வரும் மீன்காரம்மா ஒருநாள் தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்து, "சார், என்னையும் ஒரு ஃபோட்டோ புடி சார்" என்று வாசலில் விறைத்து நின்றது. அப்பா மகிழ்ச்சியாகக் கேமராவை எடுத்து, குனிந்து, கூடைக்குள் இருந்த கெளுத்தியின் வயிற்றுப் பளபளப்பை எடுத்தார். மீன்காரம்மா அந்தப் படத்தை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தது.

"இன்னா சார் இது? என் மூஞ்சி எங்க கீது?"

"இந்த வெளிச்சம் எப்படி வழியுது பாரும்மா!"

"மீனுக்கு இன்னாத்துக்கு சார் ஃபோட்டோ? அதுக்கு இன்னா கல்யாணமா பண்ணப் போற?" என்றது. அன்றைக்கு எங்களுக்குக் கொடுத்த மீனில் பாதி தலைதான் இருந்தது.

இப்போது அத்தை வருகிறார். அப்பாவின் அக்கா. கோபாலபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவை வளர்த்ததே அவர்தான். எங்கள் வீட்டு முன்னறை அவருடையது, மற்ற அறைகளும் ஏறக்குறைய அவருடையதுதான். அப்பாவின் படங்களைக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஏதாவது பண்ணுதாடா?" என்று மட்டும் கேட்டார்.

அத்தைக்கும் ஒரு பொழுதுபோக்கு இருந்தது. தன் அடக்கத்துக்கு ஏற்பாடு செய்வது. அதற்கென்று ஒரு டிரங்குப் பெட்டி. கிரீம் நிறப் பட்டுப்புடவை, வெள்ளைக் காலுறை, வேளாங்கண்ணியில் மந்திரித்து வாங்கிய செபமாலை எல்லாம் அதில் தயார். சவப்பெட்டி செய்கிறவரிடம் நேரிலேயே போய், "தோள்பட்டையில இடிக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று அளவு கொடுத்துவிட்டு வந்திருந்தார். சம்பங்கி மாலை வேண்டாம், தும்மல் வரும் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். செத்தபிறகு எப்படி அண்ணி தும்மல் வரும் என்று கேட்கிற தைரியம் அம்மாவுக்கு இல்லை.

அவருக்கிருந்த ஒரே கவலை படம். பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பமே சுற்றி நின்று படம் எடுப்பது எங்களில் வழக்கம். சில வருஷம் முன்னால் பெரியப்பா இறந்தபோது எடுத்த படம் அத்தையின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அதில் அப்பாவுக்குப் பாதித் தலை இல்லை. அம்மா ஏதோ காக்காயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அம்மாவின் இடுப்பில் இருக்கும் நான் மூக்கில் விரலை விட்டிருக்கிறேன். பெரியப்பா ஒருவர்தான் ஒழுங்காக இருந்தார். அத்தை அடிக்கடி அதை எடுத்துவைத்து விடைத்தாள் திருத்துவதுபோலத் திருத்துவார். "ஒரு சாவுக்குக்கூட ஒழுங்கா நிக்கத் தெரியாத குடும்பம்" என்று மதிப்பெண் போட்டு உள்ளே வைப்பார்.

மே மாத நடுவில் அத்தைக்கு வயிற்றுவலி வந்தது. பித்தப்பையில் கல், அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். அடையாறில் ஓர் ஆஸ்பத்திரி. அறுக்கப்போகிற டாக்டரம்மா யார் என்று விசாரித்துக்கொண்டு வந்த அன்று அத்தை சாப்பிடவில்லை.

"என்கிட்ட படிச்சவடா அவ" என்றார் அப்பாவிடம்.

"நல்லதாப் போச்சே அக்கா!"

"என்ன நல்லது? பின்னக் கணக்கே வராது அவளுக்கு. பாதியில பாதி எவ்வளவுன்னு கேட்டா விட்டத்தைப் பார்ப்பா. அவ கையில கத்தியைக் குடுத்திருக்காங்க."

நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதிகாரம் பண்ண ஆள் கிடைக்காமல் ஆஸ்பத்திரியையும் அதட்டக் கிளம்பிவிட்டார் என்றுதான் நினைத்தோம். அத்தை பயந்துபோயிருக்கிறார் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் எனக்கு எங்கள் எல்லார்மேலும் கோபம் வருகிறது.

ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிறு, காலைப் பூசை முடிந்து வந்ததும் அத்தை அப்பாவைக் கூப்பிட்டார்.

"உன் கேமராவில எடுத்தவுடனே தெரிஞ்சிடுமில்ல?"

"தெரியும் அக்கா."

"அப்ப என் சாவுப் படத்தை இப்பவே எடு. நீங்க எப்படி நிக்கிறீங்கன்னு நான் பார்க்கணும். அப்புறம் எனக்குத் திருத்த முடியாது."

அப்பாவிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஃபிலிம். அதை வைத்து என்ன எடுப்பது என்று அவர் நாள்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தார். தானாக வரும் அந்தச் சுழி இந்தக் கடைசி அட்டையிலாவது வந்துவிடாதா என்று ஏங்கிக்கொண்டிருந்தார். மாமாவோ, "நான் கேட்டது அக்கா படம், நீங்க அனுப்பினது சுவரு" என்று கடுப்பாகி, இனி ஃபிலிம் கிடையாது என்று சொல்லியனுப்பியிருந்தார். ஆனால் அக்கா சொன்னால் அக்கா சொன்னதுதான். அப்பா "சரிக்கா" என்றார்.

வீட்டுக்குள் வெளிச்சம் போதாது, ஃபிளாஷ் பல்பெல்லாம் ரசத்தை எடுத்தே தீர்ந்துவிட்டிருந்தன. அதனால் கட்டிலை முன்வாசலுக்குத் தூக்கிவந்து போட்டோம். அத்தை கிரீம் புடவையும் வெள்ளைக் காலுறையும் செபமாலையுமாக வந்து படுத்து, மடிப்பைச் சரிசெய்துகொண்டு, கைகளை நெஞ்சில் கோத்து, கண்ணை மூடினார். தலைமாட்டில் அம்மா, கால்மாட்டில் நான். அப்பா கேமராவைப் பிடிக்க வேண்டுமே, அவர் இடத்தில் யார் நிற்பது? "ஒரு நாற்காலியைப் போட்டு அதுல உன் கல்யாணக் கோட்டை மாட்டு" என்றார் அத்தை. கோட்டை மாட்டினோம். நிஜ அப்பாவைவிடக் கோட்டு நேராக நின்றது.

"பாப்பா, மூக்கில இருந்து கையை எடு" என்றார் அத்தை, கண்ணைத் திறக்காமலே.

எடுத்தேன்.

"நீ கொஞ்சம் அழு" என்றார் அம்மாவிடம்.

"நீங்க பேசிக்கிட்டே இருந்தா எப்படி அண்ணி அழுகை வரும்?"

அத்தை வாயை மூடினார். அப்பா ஒரு கண்ணைச் சுருக்கிக் கேமராவைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து வெளிக்கதவு திறந்தது. ஞாயிற்றுக்கிழமை மீன்.

மீன்காரம்மா கட்டிலைப் பார்த்தது. காலுறையைப் பார்த்தது. கூடை தரையில் தடாலென்று விழுந்தது. "ஐயோ டீச்சரம்மா! பூட்டியாம்மா! நேத்துகூட வவ்வா மீனு இன்னா வெலன்னு சண்டை வலிச்சியே! இப்ப வாயத் தொறக்காம படுத்துகினு கீறியே!" என்று மாரில் அடித்துக்கொண்டு, நாங்கள் வாயைத் திறப்பதற்குள் திரும்பிக் கோயிலைப் பார்த்து ஓடியது. சந்து முழுக்க அந்த அலறல் கேட்டது.

"அழுதா இப்படி அழணும். பார்த்துக்கோ" என்றார் அத்தை அம்மாவிடம், கண் மூடியபடியே.

"அக்கா, நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொல்லிட்டு வந்திடறேன்."

"அசையாதே. முதல்ல படம்."

அப்பா அழுத்தினார். கர்ரென்று அட்டை வெளியே வந்தது. அத்தை விருட்டென்று எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினார்.

"ஓரத்தைப் புடிக்கா. நடுவுல விரல் படக் கூடாது."

"எனக்குத் தெரியும்டா. குடு."

அட்டையில் பச்சை மூட்டம். அத்தை அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தோம். அப்போது கோயில் மணி அடித்தது. ஒரே ஓர் அடி. நீண்ட இடைவெளி. மறுபடி ஓர் அடி. துக்க மணி.

அத்தை பழக்கதோஷத்தில் சிலுவை போட்டுக்கொண்டார். "பாவம், யாரோ போயிட்டாங்க. யாரு தெரியலையே" என்று சொல்லி, இறந்தவர்களுக்கான செபத்தை முணுமுணுக்கத் தொடங்கினார். அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணி..." என்றாள் அம்மா. "அது... உங்களுக்குத்தான் அடிக்கிறாங்க."

செபம் பாதியில் நின்றது. மணி நிற்கவில்லை. அத்தையின் முகத்தில் அதுவரை நான் பார்த்தே இராத ஏதோ ஒன்று வந்தது. உதடு வெளுத்துவிட்டது. அட்டை கையிலிருந்து நழுவியது. கீழே விழப்போன அட்டையை இறுக்கிப் பிடித்ததில் கட்டைவிரல் நடுவில் போய் அழுந்தியது. ஒவ்வொரு மணிக்கும் அந்த விரல் இழுத்து இழுத்துத் தேய்த்தது. "அக்கா, கை! கை!" என்று அப்பா கத்தினார். அத்தையின் காதில் எதுவும் விழவில்லை.

மூட்டம் விலகிப் படம் தெளிந்தது. அம்மா நின்றாள், காக்காயைப் பார்க்காமல். நான் நின்றேன், மூக்கில் கை இல்லாமல். நாற்காலியில் கோட்டு நின்றது. அப்படி ஓர் ஒழுங்கான படம் எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் எடுத்ததே இல்லை. ஆனால் கட்டிலில் அத்தை இல்லை. அத்தை இருந்த இடத்தில் கிரீமும் மஞ்சளும் நீலமும் கலந்து, தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை ஒரு பெரிய சுழி ஓடியது.

அப்பா உலகத்தையே மறந்துவிட்டார். "அக்கா... தானா வந்திருக்கு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "இத்தனை நாளா இதுக்குத்தானேக்கா கிடந்து தவிச்சேன். எவ்வளவு அழகா வந்திருக்கு பாருக்கா!"

"இதில நான் எங்கடா?" என்றார் அத்தை.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "நீங்க இல்ல அத்தை" என்றேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

அத்தை அந்தச் சுழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பள்ளிக்கூடம் முழுவதையும் ஒரே பார்வையில் அடக்கிய அந்தப் பெண்மணி, சின்னப் பிள்ளைபோலக் கீழுதடு பிதுங்கி, "எனக்குப் பயமா இருக்குடா தம்பி" என்றார். "அவளுக்கு நிஜமாவே பின்னம் வராதுடா."

அப்பா கேமராவைத் தரையில் வைத்துவிட்டுக் கட்டிலில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். அக்காவின் கையை அட்டையோடு சேர்த்துத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நான் இருக்கேன்க்கா" என்றார்.

"நீ இருப்பே. நான் இருக்கணுமில்ல?" என்றார் அத்தை. சொல்லிவிட்டு அழுதார். அம்மாவும் அழுதாள். முன்னால் எவ்வளவு கேட்டும் வராத அழுகை அது. ஃபிலிம்தான் இல்லை.

இந்தக் கோலத்தில்தான் ஊர் வந்து சேர்ந்தது. முன்னால் மீன்காரம்மா, பின்னால், சாகிறவர்களின் நெற்றியில் பூசுகிற மந்திரித்த தைலப் பெட்டியோடு பங்குச் சாமியார், அவருக்குப் பின்னால் பாதிச் சந்து. செத்துப்போன டீச்சர் செபமாலையோடு கட்டிலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துவதைப் பார்த்து எல்லாரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"அடி ஆத்தா! குந்திகினு கீது!" என்றது மீன்காரம்மா. அப்பா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். மீன்காரம்மாவுக்கு முதலில் கோபம் வந்தது. "தொண்டை கிழியக் கத்திகினு ஓடுனேனே, இதுக்கா!" என்றது. கீழே கொட்டிய மீனைக் காக்கை இழுப்பதைப் பார்த்து இன்னும் கோபம் வந்தது. அப்புறம் அத்தையின் முகத்தைப் பார்த்தது. கிட்டே வந்து, மீன் கையாலேயே அத்தையின் மோவாயைத் தொட்டது.

"இன்னாத்துக்குமா அழுவுற? உசுரோட கீறவங்களுக்குச் சாவு சேதி போச்சின்னா ஆயுசு கெட்டிம்மா. உனக்கு மணியே அடிச்சிட்டாங்கோ. இனிமே உன்ன எவன் இட்டுகினு பூடுவான்?"

இப்படி யாராவது பேசினால், மூடநம்பிக்கை என்று முட்டி போட வைத்தவர் அத்தை. இன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நெசமாவா?" என்று கேட்டார்.

"சத்தியமாம்மா. மாதா மேல ஆணை."

சாமியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஏதோ மறுத்துச் சொல்ல வாயெடுத்தார். "ஃபாதர், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் அத்தை.

ஆஸ்பத்திரிக்கு அந்தப் படத்தைக் கையோடு கொண்டுபோனார். டாக்டரம்மாவிடம் காட்டி, "என் சாவுப் படத்திலயே நான் இல்ல. மணியும் அடிச்சு முடிச்சாச்சு. நீ எப்படிப் போட்டாலும் விடை சரியாத்தான் வரும், பயப்படாம அறு" என்று தைரியம் சொன்னாராம். பித்தக் கற்களை ஒரு சின்னப் பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பாட்டிலை அப்பாவிடம் நீட்டி, "இதை வேணா எடேன். பச்சையா பளபளன்னு நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் அப்பாவின் படங்களைப்பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். எடுக்க ஃபிலிம் இல்லை. மாமாவும் அதற்கப்புறம் அனுப்பவே இல்லை. கேமரா அலமாரி மேலே ஏறியது, அப்பா கோடு போடப் போனார்.

அந்தப் படம் வெகுநாள் அத்தையின் செபப் புத்தகத்துக்குள் இருந்தது. சாந்தோம் வீட்டைக் காலி செய்துவிட்டு அடையாறு ஃபிளாட்டுக்கு மாறியபோது புத்தகத்தோடு எங்கோ போய்விட்டது. அத்தை போகவில்லை. மீன்காரம்மா போய்ச் சேர்ந்தது, சாமியார்கள் மாறினார்கள், டாக்டரம்மாவே ஓய்வு பெற்றார். அத்தை மட்டும் தொண்ணூறைத் தாண்டியும் எங்கள் எல்லாரையும் திருத்திக்கொண்டு இருந்தார். தன் அடக்கத்தைப்பற்றி மட்டும் அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நிஜமாகவே அவர் போனபோது எல்லார் கையிலும் ஃபோன் வந்துவிட்டிருந்தது. சம்பங்கி இல்லாமல் பார்த்துக்கொண்டோம். தோள்பட்டை இடிக்கவில்லை. மறுநாள் வாட்ஸப்பில் படங்கள் வந்து குவிந்தன. அப்பா என் ஃபோனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் எல்லாரும் நேராக நின்றிருந்தோம். நடுவில் அத்தை, புடவை மடிப்புகூடக் கலையாமல், அவ்வளவு தெளிவாக இருந்தார். அப்பா தன் கட்டைவிரலை அத்தையின் முகத்தின்மேல் வைத்து அழுத்தித் தேய்த்தார். படம் நகர்ந்து அடுத்த படம் வந்தது. அதிலும் அத்தை இருந்தார். மறுபடி தேய்த்தார். அதற்கடுத்ததிலும் இருந்தார்.